காதுக்காரர் புழுவீட்டுக்குப் போன கதை

பட்டுக்கூட்டுச் சந்தையில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். மூட்டைக்குள் கையை விட்டு ஒரே ஒரு பட்டுக்கூட்டை எடுப்பார். இரண்டு விரலில் பிடித்துக் காதோரம் கொண்டுபோய் ஒரு குலுக்கு. உள்ளே புழு முழுசாக இருந்தால் கடகடவென்று கேட்கும். உருகி ஒட்டிக்கொண்டிருந்தால் சத்தமே வராது. சத்தம் வராத மூட்டையை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பன்னிரண்டு வயதில், நூல் இழுக்கிற பட்டறையில் கொதிக்கும் தண்ணீருக்குள் கையை விட்டுக் கூடு கிளறினவர். இன்றைக்கு அதே மாதிரி பட்டறை அவருக்கே சொந்தமாக இருக்கிறது, மாடி வைத்த வீடு இருக்கிறது. யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. அந்தக் காது கொடுத்தது. பெரிய படிப்புப் படித்த பையன்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கூட்டை அறுத்து, எடைபோட்டு, அரைமணி நேரம் கழித்துச் சொன்ன பதிலை அவர் காது ஒரு நொடியில் சொன்னது. கதை விடுவதாக நினைக்க வேண்டாம், சந்தையே நின்று பார்த்தது.

அப்பேர்ப்பட்ட காதைத்தான் ஒரு செல்போன் குழப்பிவிட்டது.

அவருக்கு ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புழு வளர்க்கிற வீட்டில் கட்டிக்கொடுத்தார். மற்றவர்கள் மாப்பிள்ளை பார்ப்பார்கள், வீடு வாசல் பார்ப்பார்கள். இவர் கூடு பார்த்துப் பெண் கொடுத்தார். பதினோரு வருஷமாக அந்த வீட்டிலிருந்து வந்த மூட்டையில் ஒன்றுகூடச் சோடை போனதில்லை. "இவ்வளவு நல்ல கூடு கொண்டுவர்ற வீட்டுல மனுஷங்க மட்டும் மோசமாவா இருப்பாங்க?" என்று கேட்டு, பெண்டாட்டியின் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது அந்தக் கேள்வியே திரும்பிவந்து அவரைக் கடித்தது. மகள் பிறந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தே ஏழு மாதம் ஆகிறது. எப்போது கூப்பிட்டாலும், "இந்தப் புழு கூடு கட்டி முடிக்கட்டும்பா." அது முடிந்தால் அடுத்தது வந்துவிட்டதாம். போனில் பேசினால் குரலைத் தணித்துக் குசுகுசுவென்று பேசுகிறாள். பாதியில், "அத்தை கூப்பிடறாங்க" என்று வைத்துவிடுகிறாள். போன வாரம் இன்னொன்றும் சொன்னாள்.

"வர்றதா இருந்தா பொடி டப்பாவை வீட்டுலயே வச்சுட்டு வாங்கப்பா. புழுவுக்கு ஆகாது. அத்தை அதுல ரொம்பக் கண்டிப்பு."

அவர் மூக்குப்பொடி போட ஆரம்பித்து முப்பத்தைந்து வருஷம். அடிமடியில் கைவைத்த மாதிரி இருந்தது அவருக்கு. புழுவுக்கு ஆகாதாம்! சம்பந்திக்கு ஆகாது என்று நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் புழுவின் மேல் பழி.

"அவளை அமுக்கி வச்சிருக்காங்க," என்றார் பெண்டாட்டியிடம். "பேச விடறதில்லை, அனுப்பறதில்லை. என் காதுக்குத் தெரியாதா?"

"பொண்ணு நல்லாத்தான் இருக்கா. உங்க சந்தேகத்துக்குத்தான் உடம்பு சரியில்லை. யாராவது நல்ல டாக்டராப் பாருங்க," என்றாள் அந்தம்மா, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே.

மறுநாள் காலை முதல் பஸ் ஏறினார். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கவேண்டும். ஒரு சின்னக் குறை கண்ணில் பட்டாலும் மகளைக் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும். இதுதான் முடிவு. பொடி டப்பாவை வேட்டி மடிப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. மல்பெரித் தோட்டம் இடுப்பு உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. பாதி வெட்டியிருந்தார்கள், மீதி அப்படியே கிடந்தது. நல்ல வெயில் நேரத்தில் தோட்டத்தில் ஒரு ஆள் இல்லை. கேட்டைத் திறந்தார், கிறீச்சென்றது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கொட்டகை நிழலில் கயிற்றுக் கட்டில். அதில் மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். பக்கத்தில் கோணி விரித்து, தலைக்குத் தலையணை வைத்துச் சம்பந்தியம்மா. குறட்டையில் அவள் மகனுக்குக் கொஞ்சமும் சளைத்தவள் இல்லை. அவர் மகள் எங்கே? புழுவீட்டு வாசற்படியை ஒட்டி, வெறும் சிமெண்டுத் தரையில், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முடியில் இலைத்துணுக்கு. விரல் நுனியெல்லாம் இலைப்பால் பட்டுக் கறுத்திருந்தது. காலில் சுண்ணாம்புத்தூள்.

காதுக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மகனுக்குக் கட்டில். அம்மாவுக்குத் தலையணை. என் பெண்ணுக்குத் தரை.

எழுப்ப வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். எழுப்பினால் ஆளுக்கு ஒரு சால்ஜாப்பு சொல்வார்கள். பட்டப்பகலில் ஒரு குடும்பமே அடித்துப் போட்டமாதிரி தூங்குகிறது என்றால் விஷயம் சின்னதாக இருக்காது. எதையோ மறைக்கிறார்கள். அதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும்.

மகளைத் தாண்டிப் புழுவீட்டுக் கதவைத் தள்ளினார். வாசலில் ஒரு கோணியை ஏதோ மருந்துத் தண்ணீரில் நனைத்துப் போட்டிருந்தார்கள். மிதித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்போல. யாருக்குத் தெரியும் என்ன தண்ணீரென்று? ஒரே எட்டாகத் தாண்டினார்.

உள்ளே அரை இருட்டு. ஆறு அடுக்குகள், ஒவ்வொன்றிலும் தட்டுத் தட்டாகப் புழுக்கள். எறும்பு ஏறாமலிருக்க அடுக்கின் கால்களெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. ஐம்பது வருஷம் பட்டில் புரண்டவர்தான், ஆனால் உயிரோடு இருக்கிற புழுவை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல்முறை. கூடு மூட்டையில் வரும், கொதிநீரில் வேகும், நூலாகும். அவருக்குத் தெரிந்த பட்டு அவ்வளவுதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

புழுக்கள் அசையவில்லை. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஆயிரக்கணக்கான புழுக்கள், முன்பாதியைத் தூக்கியபடி, மெழுகில் செய்து வைத்தமாதிரி நின்றன. தட்டில் ஒரு பச்சை இலை இல்லை. குனிந்து காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் வராத கூடு சோடை. அப்படியானால் சத்தம் வராத வீடு? மொத்தமும் போய்விட்டது. அதுதான் ஆளுக்கொரு மூலையில் விழுந்து கிடக்கிறார்கள். நாளைக்கு இந்தப் பழியை யார் தலையில் போடுவார்கள்? வந்தவள் ராசி சரியில்லை என்று என் பெண் தலையில்தானே போடுவார்கள்!

பக்கத்திலேயே சின்ன அறை. ஜன்னல் இல்லை. நடுவில் ஒரு ஆள் படுத்திருக்கிற நீளத்துக்கு எதையோ குவித்து ஈரக்கோணி போட்டு மூடியிருந்தார்கள். செத்த புழுவைக் குவித்து மறைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். படபடப்பு அடங்குவதற்கு மடியிலிருந்து டப்பாவை எடுத்து, பெரிய சிட்டிகையாக ஒன்று ஏற்றினார். பிறகு கோணியை விலக்கி முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். இலை. அடியிலும் இலை. இன்னும் அடியிலும் இலைதான். ஒன்றும் அகப்படாத எரிச்சலில் குனிந்து பார்த்தபோது தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, மூன்று. அவர் தும்மினால் சந்தையில் புறா பறக்கும். மூன்றும் அந்த இலைக்குவியலின் மேலேயே போயின.

அவசரமாகக் கோணியை மூடிவிட்டு வெளியே வந்து கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றதும், மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா! எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் கண்ணு."

"உள்ள போனீங்களா?"

"நான் எதுக்கு உள்ள போறேன்?"

"டப்பா?"

"நீதான் வேண்டாம்னியே, கொண்டுவரலை."

ஒரே மூச்சில் இரண்டு பொய். சந்தையில் கிராம் அளவுக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷன்.

"பகல்ல ஏன் எல்லாரும் இப்படிக் கிடக்கறீங்க? நீ ஏன் தரையில படுத்திருக்கே? உண்மையைச் சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். "புழு தூங்குதுப்பா. கூடு கட்டறதுக்குள்ள நாலு தடவை தோலுரிக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாது, தலையைத் தூக்கிட்டு அப்படியே நிக்கும். அது தூங்கும்போதுதான் நாங்களும் தூங்க முடியும். இது நாலாவது தூக்கம். சாயந்திரம் எழுந்துதுன்னா ஏழெட்டு நாளைக்கு இலை போட்டுப் போட்டு எங்க இடுப்பு ஒடிஞ்சிரும். அத்தை பகல்ல படுத்தா நான் போன்லகூட மெதுவாத்தான் பேசுவேன், பாவம் அவங்க."

"கட்டில் கிடக்குதே?"

"கட்டில்ல படுத்தா எழுந்திருக்க மாட்டேன்."

எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறாள். நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று காதுக்காரர் நினைத்தார்.

நாலு மணிக்கு வீடே தலைகீழாக மாறியது. சம்பந்தியம்மா எழுந்தாள், முகம் கழுவினாள், அவ்வளவுதான், பட்டாளம் புறப்பட்டமாதிரி. மூன்று பேரும் கைகாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, நனைந்த கோணியை மிதித்து உள்ளே போனார்கள். வாசலில் அவள் ஒரு நிமிஷம் நின்றாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. என் கூடப்பிறந்தவனையே நான் உள்ள விட்டதில்லை. நீங்க வெளியவே உட்காருங்க." அப்புறம் மூக்கைச் சுருக்கினாள். "என்னமோ காரமா வாடை வருதே?"

"பஸ்ல வந்தேன்ல," என்றார் காதுக்காரர்.

அவள் நம்பவில்லை. நம்பாத பார்வை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், அவர் தினமும் சந்தையில் பார்க்கிற பார்வை அது. ஆனாலும் சம்பந்தி ஆயிற்றே, மேலே கேட்காமல் உள்ளே போனாள்.

புழுவீட்டின் பின்சுவரில் கம்பிவலை போட்ட ஜன்னல். அதன் கீழே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே சுண்ணாம்புத்தூள் தூவுகிறார்கள், இலை போடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. முதலில் தூறல் விழுவதுபோல. பிறகு காய்ந்த சருகின் மேல் மழை கொட்டுவதுபோல. அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், ஒரு மேகம் இல்லை. புழு தின்கிற சத்தம் அது! அவர் உடம்பு சிலிர்த்தது. அப்படியானால் செத்துப் போகவில்லை. பெண் சொன்னது நிஜம். தூங்கித்தான் இருக்கின்றன.

கண்ணை மூடிக் கேட்டார். ஒரு நாழிகை போவதற்குள் ஆறு அடுக்கையும் காதாலேயே பிரித்துவிட்டார். ஜன்னலை ஒட்டியது ஒன்று, அதற்கடுத்தது இரண்டு. வேறு எவனாலும் முடியாது அது. ஆறு மழையும் ஆறு விதமாகப் பெய்தன.

அப்புறம் முதல் அடுக்கில் மழை குறைந்தது. சொட்டுச் சொட்டாக ஆனது. நின்றுவிட்டது.

மற்ற ஐந்தும் கொட்டிக்கொண்டிருக்கின்றன, இது மட்டும் ஏன் நின்றது? உள்ளே இருக்கிறவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. முதல் அடுக்குக்குத்தான் முதலில் இலை போட்டார்கள். குவியலின் மேலே கிடந்த இலை. அவர் கை தானாக மடிக்குப் போய் டப்பாவைத் தொட்டது.

"அத்தை!" என்று உள்ளே மகள் அலறினாள். "இங்க வாங்க, ஐயோ, வாங்க!"

முக்காலியில் ஏறி நின்று கம்பிவலை வழியாகப் பார்த்தார். புழுக்கள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின, வாயிலிருந்து பச்சையாகக் கக்கின, சுருங்கிக் குட்டையாயின.

சம்பந்தியம்மா ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குரல் மாறிப்போயிற்று. "நோய் வந்துருச்சு. டேய், மண்வெட்டியை எடு. தோட்டத்து மூலையில குழி வெட்டு. இந்த அடுக்கை அப்படியே போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடணும். ராத்திரிக்குள்ள மத்ததுக்குப் பரவிரும்."

"அத்தை, இது நான் முட்டையிலேருந்து பார்த்த அடுக்கு," என்றாள் மகள். "நீங்கதானே இந்தத் தடவை ஒரு அடுக்கு உன்னோடதுன்னு சொன்னீங்க."

"தெரியும்மா. அதுக்குத்தான் கேக்கறேன், கையை ஒழுங்காக் கழுவினியா?"

"கழுவினேன்."

"முகத்துக்கு ஏதாவது பூசினியா? உங்கப்பா கையைத் தொட்டியா?"

"இல்ல அத்தை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்ல... தெரியலை அத்தை. தூக்கக் கலக்கத்துல... தெரியலை."

வெளியே காதுக்காரர் முக்காலியிலிருந்து இறங்கினார். காலையிலிருந்து எதைத் தேடி அலைந்தாரோ அது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. தன் மகளைக் குற்றவாளிபோல் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள் மாமியார். இப்போது போய், "என் பொண்ணை என்னன்னு நினைச்சீங்க? வாம்மா போகலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைநிமிர்ந்து கூட்டிப்போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. குழியில் எல்லாம் மூடிவிடும்.

ஆனால் அந்த 'தெரியலை' இருக்கிறதே, அது அவர் காதுக்குச் சரியாகப் படவில்லை. தப்பே செய்யாதவள் தன்னைத் தானே சந்தேகப்படுகிற சத்தம் அது. குலுக்கினால் சத்தம் வராத கூட்டைவிட மோசம். மண்வெட்டி மண்ணில் இறங்குகிற ஓசை தோட்டத்திலிருந்து கேட்டது.

அறுபத்துமூன்று வயதுவரை அந்த மனுஷன் எவனிடமும் தப்பு என் மேல் என்று சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை என்பார். இப்போது ஜன்னலுக்கு நேராக டப்பாவைத் தூக்கிப் பிடித்தார்.

"சம்பந்தியம்மா! குழி வெட்டச் சொல்லாதீங்க. நோய் இல்லை. நான்தான். உள்ள வந்தேன். இலைக்குள்ள கையை விட்டேன். தும்மிட்டேன். பொடி."

உள்ளே சம்பந்தியம்மா போட்ட சத்தத்தில் மண்வெட்டி நின்றது.

"பொடியா? நோயில்லையா? டேய், அதைப் போட்டுட்டு ஓடி வா! ஜன்னலெல்லாம் திற, காத்து வரட்டும். மொத்த இலையும் எடுங்க. குவியல்ல ஒரு இலை தொடாதே, புதுசா வெட்டிட்டு வா. காத்துப் பட்டா பாதிக்கு மேல பொழைக்கும்."

மகள் உள்ளேயிருந்து வந்தாள். வந்தாள் என்று சொல்வதா, பாய்ந்தாள்.

"ஏன்பா உள்ள போனீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! டப்பா கொண்டுவரலைன்னீங்க, உள்ள போகலைன்னீங்க. இருபது நாளா பிள்ளை மாதிரி பார்த்தேன், ஒரு தும்மல்ல கொன்னுட்டீங்களே! எதுக்கு வந்தீங்க? வேவு பார்க்கவா?"

"அப்படி இல்ல கண்ணு, நான் வந்து..."

"பேசாதீங்க! முதல்ல கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க. டப்பாவைத் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போடுங்க. போங்க!"

சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து, "போதும் விடும்மா, பெரியவர்," என்றாள்.

"நீங்க சும்மா இருங்க அத்தை! உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, இவர் எப்பவும் இப்படித்தான். நீங்க போய்த் தட்டைப் பாருங்க!"

சம்பந்தியம்மா வாயை மூடிக்கொண்டு தட்டைப் பார்க்கப் போனாள்.

காதுக்காரர் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்றார். டப்பாவைச் சாக்கடையில் போட்டுவிட்டார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் காதுக்குள் மகள் போட்ட அந்தச் சத்தமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. அமுக்கி வைத்திருக்கிற பெண் மாமியாரைப் பார்த்துச் சும்மா இரு என்று சொல்வாளா? சொன்னால் அந்த மாமியார் பேசாமல் போவாளா? ஏழு மாதமாக அவர் மண்டையைக் குடைந்த கேள்விக்கு ஒரே குலுக்கில் பதில் வந்துவிட்டது. கடகடவென்று வந்துவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் சம்பந்தியம்மா கேட்டுக்கு வந்தாள். கையில் சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும்.

"அண்ணே, முழங்கை வரைக்கும் மூணு தடவை கழுவுங்க. முகத்தையும்தான். கழுவிட்டுப் பின்பக்கம் வாங்க. புது இலை போட்டிருக்கு. எது திங்குது எது திங்கலைன்னு இந்த வெளிச்சத்துல என் கண்ணுக்குத் தெரியலை. உங்க காதைப் பத்தி ஊரே பேசுதே, அது நிஜமா சும்மாவான்னு பார்ப்போம்."

கழுவினார். மூன்று தடவை இல்லை, ஐந்து தடவை. பின்பக்க ஜன்னலுக்கு வந்தார். உள்ளே மகள் கையில் விளக்கோடு முதல் அடுக்கருகே நிற்பது தெரிந்தது. இவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சுவரில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடினார்.

"மேல ரெண்டு தட்டுல ஒண்ணுமில்லை," என்றார். "அது போச்சு. மூணாவது, நாலாவது தின்னுது. கீழ் தட்டுல... இருங்க. லேசா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. இடது ஓரம்."

மகள் குனிந்து விளக்கைக் காட்டினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமாம் அத்தை," என்றாள். "இடது ஓரம்தான்."

அப்பாவிடம் சொல்லவில்லை. அத்தையிடம்தான் சொன்னாள். மேலே இருந்த இரண்டு தட்டையும் மாப்பிள்ளை வெட்டி வைத்திருந்த குழிக்கு அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட மாப்பிள்ளை வந்தார். பாதி வழியில், "மாமா, அடுத்த தடவை போன் பண்ணிட்டு வாங்க," என்றார், அவ்வளவு மரியாதையாக.

வீட்டில் பெண்டாட்டி கதவைத் திறந்து அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்க? பொண்ணைக் கையோட கூட்டிட்டு வர்றேன்னு போனீங்களே?"

"நான் அவளைக் கூட்டிட்டு வர்றதா?" செருப்பைக் கழற்றிக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தினார் காதுக்காரர். "என்னைக் கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுட்டாடி அவ! சந்தையில ஒருத்தன் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது உண்டா? என் பொண்ணு பேசினா. மாமியாரையும் சேர்த்து!"

அடுத்த சந்தையில் அதை எல்லாரிடமும் சொன்னார். எதற்காக வெளியே நிறுத்தினாள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பொடி ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டவர்களிடம், மூக்குக்குப் போட்டது போதும், காது ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்வேன் என்றார்.